சுவருக்குள் ஒழுகும் நீர்



வீட்டுக் குழாய் ஒழுகுவது சொற்பொழிவுக்குரிய பொருளா என்று சிலர் எண்ணக்கூடும். ஆயினும், வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் வாழும் நம்மவரிடையே வீண் செலவுக்கும் மனக்கசப்புக்கும் இடமளிக்கும் காரியங்களுள் இதுவும் ஒன்றாகும். தொடர்மாடியிலே கீழ்வீட்டாரின் மேற்தட்டில் ஈரம் படர்கின்றது. மேல்வீட்டாரே காரணம் என்கிறார் அவர். தமது குழாயில் பழுதில்லை என்கிறார் மேல்வீட்டார். ஈற்றில் மேசன் வருகின்றார். உளியும் சுத்தியலும் பேசத் தொடங்குகின்றன. குளியலறை டைல்ஸ் யாவும் உடைந்த பின்னரே, கசிவு வேறொரு சுவரில் இருந்தது தெரியவருகின்றது. பணமும் போயிற்று, அயலவர் உறவும் போயிற்று.

இதற்குக் காரணம் யாது? ஈரம் தோன்றும் இடமும் நீர் கசியும் இடமும் ஒன்றென நாம் நம்பிவிடுவதே. நீர் கொங்கிறீட் தளத்தின் மேலும், மின்கம்பி செல்லும் குழாய்களின் வழியாகவும் பல அடி தூரம் ஓடி, வழி கிடைத்த இடத்தில் வெளிப்படும். நோயின் இடமறியாமல் கத்தியெடுப்பது வைத்தியமாகாதன்றோ?

வீட்டுக்குள் நிகழும் இதுவே நகரத்திலும் நிகழ்ந்தது. லபுகம நீர்த்தேக்கத்திலிருந்து 1880-களில் கொழும்புக்கு நீர் கொண்டுவரப்பட்டது. அக்காலத்து வார்ப்பிரும்புக் குழாய்கள் பல, நூறாண்டு கடந்தும் தெருக்களின் கீழ்ப் பணியாற்றின. ஆசிய அபிவிருத்தி வங்கியின் கடனுதவியோடு 2012-இல் சீரமைப்புத் திட்டம் தொடங்கிய காலத்தில், கொழும்பு நகருக்கு வழங்கப்பட்ட நீரில் ஏறக்குறைய அரைப்பங்கு கட்டணம் பெறாத நீராகப் போய்க்கொண்டிருந்தது. களவு இணைப்பும் பழுதான மீற்றரும் அதில் அடங்குமெனினும், கண்ணுக்குத் தெரியாத கசிவும் அதிற் பெரும் பங்காகும். சிறு துளியென்று இகழ வேண்டாம். விநாடிக்கு ஒரு துளி வீதம், துளியொன்று கால் மில்லிலீற்றர் எனக் கொண்டாலும், நாளொன்றுக்கு 21 லீற்றருக்கு மேல் வீணாகும்.

எனவே, உடைப்பதற்கு முன் அறிதல் வேண்டும். முதற் சோதனைக்குக் காசு வேண்டியதில்லை. மேல்தாங்கி நிரம்பிய பின் வீட்டுக் குழாய்கள் யாவற்றையும் மூடிவிட்டு, மீற்றரின் முகப்பிலுள்ள சிறு சக்கரத்தைப் பாருங்கள். அது சுழன்றால் எங்கோ நீர் போகின்றது. அடுத்துத் தாங்கிக்குச் செல்லும் வால்வை மூடுங்கள். அப்பொழுதும் சுழன்றால், பழுது மீற்றருக்கும் தாங்கிக்கும் இடையில் உள்ளது. சுழற்சி நின்றால், தாங்கிக்குப் பின்னால் உள்ளது எனலாம். இரவில் தாங்கியின் நீர்மட்டத்தை அடையாளமிட்டு, விடியலில் மீண்டும் பார்த்தால் ஐயம் தீரும். மலசலகூடத் தண்ணீர்ப் பெட்டியிற் சிறிது சாயம் கலந்து அரைமணி நேரம் விட்டு வைத்தால், அங்குள்ள கசிவும் வெளிப்படும். குளித்தபின் மாத்திரம் ஈரம் மிகுமாயின், குற்றம் பெரும்பாலும் நீர் வரும் குழாயிலன்று. கழிவுக் குழாயிலோ தரையின் இணைப்பிலோ இருத்தல் கூடும்.

இவற்றின் பின்னரே வெப்பப்படக் கமராவுக்கு வேலை. 1800-ஆம் ஆண்டில் வில்லியம் ஹேர்ஷல் என்னும் வானியல் அறிஞர், சூரிய ஒளியைப் பட்டகத்தால் பிரித்து, சிவப்பு நிறத்துக்கு அப்பால் வெப்பமானியை வைத்தபோது, கண் காணாத கதிரொன்று அங்கிருப்பதைக் கண்டார். அதுவே அகச்சிவப்புக் கதிர். எல்லாப் பொருளும் தத்தம் வெப்பத்துக்கேற்ப இதனை வெளிவிடுகின்றன. கமரா அதனை நிறப்படமாக்கிக் காட்டுகின்றது. நல்ல கருவி பத்திலொரு பாகை வித்தியாசத்தையும் உணரும். ஈரச்சுவரில் நீர் ஆவியாகுங்கால் அவ்விடம் குளிர்கின்றது. அது படத்திலே கருநீலத் திட்டாகத் தெரியும். சுடுநீர்க் குழாய் கசிந்தாலோ வெம்மையான திட்டாகத் தெரியும்.

ஆனால் ஒன்றை மறத்தலாகாது. இக்கருவி சுவரை ஊடுருவிப் பார்ப்பதன்று. சுவரின் மேற்பரப்பு வெப்பத்தையே அளப்பது. குளிர்நாட்டில் வீட்டுக்குள்ளும் வெளியிலும் வெப்பம் பெரிதும் வேறுபடும். கொழும்பிலோ குழாய் நீரும் சுவரும் ஏறத்தாழ ஒரே சூட்டில் இருக்கும். கடற்காற்றின் ஈரப்பதத்தால் ஆவியாதலும் மந்தமாகும். ஆதலால் இங்கு வித்தியாசத்தை நாமே உண்டாக்க வேண்டியிருக்கின்றது. குளிரூட்டியைச் சில மணி நேரம் இயக்கலாம். குளியலறைத் தரையில் வெந்நீரைத் தேக்கிவிட்டுக் கீழ்வீட்டு மேற்தட்டைப் படமெடுக்கலாம். வெயில் பட்ட வெளிச்சுவரைச் சூடு தணிந்த பின்னர் பார்க்கலாம். பளபளப்பான டைல்ஸும் உலோகமும், பார்ப்பவரின் உடற்சூட்டையே எதிரொளித்து ஏமாற்றவல்லன. குளிரூட்டிக் காற்று நேரே படும் இடமும் கருந்திட்டாகத் தோன்றும். ஆகையால் திட்டு ஒரு சந்தேகமே, தீர்ப்பன்று. ஈரமானி வைத்தும், குழாயை அடைத்து அழுத்தம் ஏற்றியும் உறுதிசெய்த பின்னரே ஒரு டைல்ஸைக் கழற்றுதல் முறை.

குழாயை மாற்றவே கூடாதென்று நாம் சொல்லவில்லை. ஓர் இணைப்பு மாத்திரம் விட்டிருந்தால் அதனைத் திருத்தினாற் போதும். பழைய இரும்புக் குழாய் உட்புறம் துருவேறி, இன்று ஓரிடமும் நாளை வேறிடமுமாக ஒழுகுமாயின், முழுவதையும் மாற்றுவதே சிக்கனம். எது தகும் என்பதைச் சோதனை சொல்லட்டும். கோபம் சொல்ல வேண்டாம்.

இளைஞர்களே! நம் பகுதியிலே பிள்ளைகள் கடல் கடந்து சென்றுவிட, முதியோர் தனித்து வாழும் வீடுகள் பல. குழாய் வேலைக்காரர் ஒருவர் வந்து, முழுவதையும் உடைக்க வேண்டும் என்று கூறினால், அவர்கள் யாரிடம் கேட்பார்கள்? மீற்றர் பார்க்கவும், தாங்கியில் அடையாளமிடவும், பெட்டியிற் சாயம் கலக்கவும் ஒரு மாலைப்பொழுது போதும். கமரா விலையுயர்ந்தது, பல வீட்டார் கூடி வாடகைக்கு எடுக்கலாம். தொடர்மாடிகளில் மேல்வீட்டாரும் கீழ்வீட்டாரும் ஒன்றாக நின்று அப்படத்தைப் பார்க்கட்டும். சாட்சி இருவர்க்கும் பொதுவாயின், வழக்குக்கு இடமேது? அயலில் உள்ள ஒரு முதியவர் வீட்டிலாவது இச்சோதனையை இம்மாதமே செய்து கொடுப்பதென்று ஒவ்வோர் அங்கத்தவரும் ஏற்றுக்கொள்வாராக.