தேடத் தெரியணும், நடுவர் அவர்களே!

சிரிக்க வைத்துக்கொண்டே சிந்திக்கவும் வைக்கும் நடுவர் அவர்களே! எதிரணியிலே இருக்கும் என் அன்புக்குரியவர்களே! சாப்பாட்டுத் தட்டோடு தொலைக்காட்சிக்கு முன்னால் உட்கார்ந்திருக்கும் தாய்மார்களே, பெரியோர்களே!

'மாணவர் ஆய்வுக்கு இணையம் துணையா, தடையா?' இதுதான் தலைப்பு. எனக்கு முன்னாலே பேசிய தங்கை சொன்னார்: "பிள்ளைகள் படிக்கிறதே இல்லை, அப்படியே பார்த்து எழுதுகிறார்கள்." உண்மைதாம்மா! எங்கள் துறையிலே ஒரு பையன் கட்டுரை கொடுத்தான். மூன்றாவது பக்கத்திலே, 'மேலும் படிக்க இங்கே சொடுக்கவும்' என்று இருக்கிறது. (சிரிப்பு) அதையும் கையாலேயே எழுதியிருக்கிறான் ஐயா! (பலத்த சிரிப்பு)

ஆனால் இது இணையம் செய்த குற்றமா? இணையம் வருவதற்கு முன்னாலே 'கைடு' இருந்ததே, அதைப் பார்த்து எழுதவில்லையா? பிள்ளை கையிலே போனைக் கொடுத்தோம். எப்படித் தேடுவது என்று ஒரு மணி நேரமாவது சொல்லிக் கொடுத்தோமா? கிணத்துல தள்ளிவிட்டுட்டு, நீச்சல் தெரியலையேன்னு கரையில நின்னு திட்டுறோம்! (கைதட்டல்)

தேடுவது என்றால் என்ன? உ.வே.சாமிநாதையரைக் கேளுங்கள். 1880இலே கும்பகோணத்தில் சேலம் இராமசாமி முதலியார், "சிந்தாமணி படித்திருக்கிறீரா?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்குப் பதில் புத்தகமாக வெளிவந்தது 1887இல். நடுவிலே ஏழு வருஷம்! ஒரு சுவடி கிடைத்ததும் 'போதும்டா சாமி' என்று உட்காரவில்லை. இன்னொரு சுவடி தேடினார், ஒன்றோடு ஒன்றை ஒப்பிட்டார். பொருள் புரியாத இடத்திலே கும்பகோணத்துச் சமணர் வீட்டுக்கே போய் விளக்கம் கேட்டார். ஒரே பிரதியை நம்பாதே, ஒப்பிட்டுப் பார், விஷயம் தெரிந்தவரைக் கேள். நான் மாணவர்களுக்குச் சொல்வது அவ்வளவும் இதிலே இருக்கிறது. சுவடிக்குப் பதிலாகத் திரை வந்திருக்கிறது.

நம்ம பிள்ளை என்ன செய்கிறான்? 'சிலப்பதிகாரம்' என்று ஒரு சொல்லைத் தட்டுகிறான். முதலில் வந்ததை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறான். முதலில் வருவது முதல்தரமானதா? காசு கொடுத்த விளம்பரம்கூட மேலே வந்து நிற்கும். பலபேர் இணைப்புக் கொடுத்த பக்கமும் முன்னாலே வரும். பலபேர் சொன்னதாலே ஒன்று உண்மையாகிவிடுமா? எங்கள் தெருவிலே பலபேர் என்னை நல்ல பாட்டுக்காரன் என்கிறார்கள். என் மனைவி ஒப்புக்கொள்ளவில்லையே! (சிரிப்பு)

அதே சிலப்பதிகாரத்தை ஆங்கில எழுத்திலே தேடுங்கள். 'எஸ்' போட்டு ஆரம்பித்தால் ஒரு கூட்டம் வரும். 'சி' போட்டு ஆரம்பித்தால் வெளிநாட்டுப் பல்கலைக்கழக ஆய்வுகள் வரிசையாக வந்து நிற்கும். அவங்க ஊர்ல சிலம்பு 'சி'யிலதான் ஒலிக்குது! (கைதட்டல்) இந்த ஒரு எழுத்தைச் சொல்லிக் கொடுக்காததாலே பாதி உலகத்தை அந்தப் பிள்ளை பார்க்காமலே போய்விடுகிறான். தமிழிலே தேடும்போதும் அப்படித்தான். கோயில் ஒரு தரம், கோவில் ஒரு தரம். ஔவையார் ஒரு தரம், அவ்வையார் ஒரு தரம். ஒரு தொடர் அப்படியே வேண்டுமென்றால் இரட்டை மேற்கோள் குறிக்குள்ளே போடு. குறி போடவில்லை என்றால் சொற்கள் ஆளுக்கொரு மூலையிலே கிடக்கும் பக்கமும் வந்து சேரும். சொல்லிக் கொடுக்கப் பத்து நிமிஷம் ஆகுமா இதற்கு?

இப்போது கொஞ்சம் கசப்பான விஷயத்துக்கு வருகிறேன். தங்கை கோபித்துக்கொள்ளக் கூடாது. பேச்சின் நடுவிலே ஒரு மேற்கோள் சொன்னார். 1835 பிப்ரவரி 2ஆம் தேதி பிரிட்டிஷ் பாராளுமன்றத்திலே மெக்காலே எழுந்து, இந்தியா முழுக்கச் சுற்றினேன், ஒரு பிச்சைக்காரனைக்கூடப் பார்க்கவில்லை, ஆகவே அவர்கள் கல்வியை ஒழிப்போம் என்று பேசினாராம். நீங்களும் கைதட்டினீர்கள். வாட்ஸ்அப்பிலே உங்களுக்கும் வந்திருக்கும்.

அம்மா, அந்த மேற்கோளைத் தேடாதீர்கள். தேடினால் ஆயிரம் பேர் அதையே சொல்லுவார்கள். வேறு கேள்வி கேளுங்கள்: அந்தத் தேதியிலே மெக்காலே எங்கே இருந்தார்? 1834இலே சென்னையிலே வந்து இறங்கியவர், 1838இலேதான் ஊர் திரும்பினார். 1835 பிப்ரவரி 2ஆம் தேதி கல்கத்தாவிலே இருக்கிறார்! கப்பலிலே போக மாதக்கணக்கு ஆகும் காலத்திலே, ஒரே நாளில் லண்டன் பாராளுமன்றத்திலே எப்படிப் பேசியிருப்பார்? (கைதட்டல்) அதே தேதியிட்டு அவர் எழுதிய கல்விக் குறிப்பு ஒன்று உண்டு. அமெரிக்காவிலே கொலம்பியா பல்கலைக்கழகத் தளத்திலே முழுசாக இருக்கிறது. படித்துப் பாருங்கள். இந்தப் பிச்சைக்காரன் வசனம் அதிலே கிடையாது.

மெக்காலேவுக்கு நான் வக்கீல் இல்லை ஐயா. நம் இலக்கியத்தை அவர் எவ்வளவு மட்டமாக எழுதினார் என்பது அந்தக் குறிப்பிலேயே இருக்கிறது. கோபப்பட அதுவே போதும், பொய்யைத் துணைக்குக் கூப்பிட வேண்டியதில்லை. பாருங்கள், அந்த மேற்கோளைப் பரப்பியதும் இணையம், அதைப் பிடித்துக் கொடுத்ததும் இணையம். நடுவிலே இருப்பது கேட்கிற கேள்வி!

இப்போது செயற்கை நுண்ணறிவு வேறு வந்துவிட்டது. நூற்பட்டியல் கேட்டால் நொடியிலே தரும். ஆசிரியர் பெயர் இருக்கும், பதிப்பகம் இருக்கும், ஆண்டு இருக்கும், பக்க எண் இருக்கும். சில சமயம் புத்தகம் மட்டும் இருக்காது! (பலத்த சிரிப்பு) அதனாலே எங்கள் துறையிலே நான் ஒரு கட்டாயம் வைத்திருக்கிறேன். பட்டியலிலே ஒரு நூலைச் சேர்த்தால், அதை எந்த நூலகத்திலே, எந்தப் பக்கத்திலே பார்த்தாய் என்று எனக்குக் காட்டணும்.

எதிரணித் தலைவர், "நூலகத்துக்குப் போகச் சொல்லுங்கள்" என்றார். போகத்தான் வேண்டும். யாராலே முடிகிறது? என்னிடம் ஆய்வு செய்கிற ஒரு மாணவி, டெல்டாப் பக்கத்துக் கிராமம். சனி ஞாயிறு ஜவுளிக்கடை வேலை. ஒரு பழைய பதிப்பைப் பார்க்கச் சென்னைக்கு வந்து போனால் ரெண்டு நாள் சம்பளம் போச்சு. அந்தப் பெண்ணுக்குத் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தைக் காட்டினேன். 1998இலே தொடங்கிய மதுரைத் திட்டத்தைக் காட்டினேன். பிறர் எழுதிய ஆய்வேடுகளுக்குச் 'சோத்கங்கா'வைக் காட்டினேன். ஒரு வாரம் கழித்து வந்தாள். "ஐயா, நான் எடுத்த தலைப்பிலே ஏற்கெனவே ரெண்டு ஆய்வேடு இருக்குங்கய்யா. அவங்க தொடாத பகுதியை எடுத்துக்கட்டுமா?" என்றாள். (பலத்த கைதட்டல்)

இதைத் தெரிந்துகொள்ளாமல் மூன்று வருஷம் உழைத்திருந்தால்? யாரிடம் போய் அந்த மூன்று வருஷத்தைத் திருப்பிக் கேட்பாள்? இப்போது ரோஜா முத்தையா நூலகத்திலே பார்க்கவேண்டிய நூல்களைக் குறித்துக்கொண்டு, ஒரே தடவை சென்னைக்கு வந்து முடித்துவிட்டுப் போனாள்.

மணி அடித்துவிட்டீர்கள் நடுவர் அவர்களே, உட்கார்ந்து விடுகிறேன். தீர்ப்பு எழுதும்போது அந்த மெக்காலே மேற்கோளை மட்டும் யாரும் திரும்பச் சொல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். (சிரிப்பு)