வெறும் கொட்டாங்குச்சியா?



தேங்காயைத் துருவியதும் கொட்டாங்குச்சியை அடுப்படி மூலையில் போட்டுவிடுகிறோம். கன்னியாகுமரிப் பக்கம் அதைச் சிரட்டை என்பார்கள். பெயர் எதுவானாலும், உள்ளே உறங்கும் முளைக்கு அதுவே காவல். ஓட்டின் மூன்று கண்களில் மெல்லிய ஒன்றின் வழியாகத்தான் முளை வெளியே வருகிறது.

பருப்பு போனபின்னும் அதன் வேலை முடிவதில்லை. காம்பு செருகினால் அகப்பை. ரப்பர் மரத்தில் கட்டினால் பால் பிடிக்கும் கிண்ணம். குழந்தைகள் கையில் மண் இட்லி வார்க்கும் அச்சு. பொள்ளாச்சி, காங்கேயம் பக்கம் அதைச் சுட்டுக் கரியாக்குகிறார்கள். பதப்படுத்திய அந்தக் கரியின் நுண்துளைகள் தண்ணீரின் அழுக்கைப் பிடித்துக்கொள்கின்றன.

நம் பெரியநாயக்கன்பாளையத்து வீடுகளிலும் ஆலையில் உழைத்து ஓய்ந்த அப்புச்சி இருக்கிறார்; ஆக்கிப் போட்டே தளர்ந்த அம்மிச்சி இருக்கிறார். 'இனி நாம் வெறும் கொட்டாங்குச்சிதான்' என்று அவர்கள் எண்ணும்படி நடந்துகொள்கிறோமா?

நமக்காகத் தம்மையே வெறுமையாக்கியவர் கிறிஸ்து என்கிறார் புனித பவுல் (பிலி 2:7). கொடுத்துத் தீர்ந்தவர்களை ஆண்டவர் ஒதுக்குவதில்லை. நாமும் ஒதுக்க வேண்டாம். இன்று மாலை செல்பேசியைத் தள்ளி வைத்து அவர்கள் அருகே உட்காருவோம். சேர்ந்து செபமாலை சொல்வோம். வீட்டுக் காரியம் ஒன்றில் அவர்களிடம் யோசனை கேட்போம். ஆமென்.