பழைய கணினியும் மாற்றுப் பணிசெயல் முறைமையும்

கணினி என்பது தன்னளவில் உலோகமும் சிலிக்கனும் சேர்ந்த ஒரு பெட்டியே. அப்பெட்டியைத் துயிலெழுப்பி, விசைப்பலகையில் தட்டிய எழுத்தைத் திரையிலே காட்டி, கோப்புகளைப் பேணி, வேண்டியபோது எடுத்துத் தருவது பணிசெயல் முறைமை எனப்படும் மென்பொருளாகும். கணினியை வாங்கும்போதே அதுவும் உள்ளே அமர்ந்து வந்துவிடுவதால், இரண்டும் ஒன்றே எனப் பலர் எண்ணிவிடுகின்றனர். வீடு வேறு, வீட்டின் காவற்காரன் வேறு. காவற்காரன் வேலையை விட்டுப் போனான் என்பதற்காக வீட்டை இடிப்பார் உண்டோ?

இக்கேள்வி வெறும் கற்பனையன்று. 2015 ஆம் ஆண்டு யூலையில் வெளிவந்த வின்டோஸ் 10 என்னும் முறைமைக்கு வழமையாக வந்துகொண்டிருந்த பாதுகாப்புத் திருத்தங்கள் 2025 ஒக்டோபர் 14 ஆம் திகதியோடு நின்றன. விசேட நீடிப்பிற் பதிவு செய்த தனியாருக்கு மேலும் ஓராண்டு தவணை அறிவிக்கப்பட்டது. அதற்கு அடுத்ததான, 2021 இல் வெளிவந்த வின்டோஸ் 11, டி.பி.எம். 2.0 என்னும் பாதுகாப்புச் சில்லையும், பெரும்பாலும் 2017 இன் பிற்பகுதிக்குப் பின் வந்த செயலியையும் கேட்கின்றது. இவை இல்லாத கணினி, நேற்றுவரை குறைவின்றி உழைத்ததாயினும், தள்ளுபடியான பொருளாகக் கணிக்கப்படுகின்றது. திருத்தம் பெறாத முறைமையோடு இணையத்தில் உலாவுவதும், வங்கிக் கணக்கைத் திறப்பதும் ஆபத்து. புதுக் கணினி வாங்குவதோ எல்லாக் குடும்பத்துக்கும் இயலுவதன்று. இவ்விரண்டுக்கும் இடையே மூன்றாவது வழி ஒன்றுண்டு. அதுவே மாற்று முறைமை.

அமெரிக்கரான ரிச்சர்ட் ஸ்டோல்மன், யாரும் பயன்படுத்தவும் திருத்தவும் பகிரவும் உரிமையுள்ள முறைமையொன்றை ஆக்கும் குனூ திட்டத்தை 1983 இல் அறிவித்தார். பின்லாந்தின் ஹெல்சிங்கிப் பல்கலைக்கழக மாணவரான லினஸ் டோர்வால்ட்ஸ், தமது 21 ஆவது வயதில், 1991 ஓகஸ்டில், பொழுதுபோக்காகத் தாம் எழுதிவரும் ஒரு சிறு முறைமையைப் பற்றி உலகுக்குத் தெரிவித்தார். அதுவே லினக்ஸ் என்னும் கருவாயிற்று. இரு முயற்சிகளும் ஒன்றாய்க் கூடியதன் விளைவே இன்றைய லினக்ஸ் முறைமைகள். அவற்றுள் டெபியன் 1993 இலும், அதனை அடியாகக் கொண்ட உபுண்டு 2004 இலும், உபுண்டுவை அடியாகக் கொண்ட மின்ட் 2006 இலும் தோன்றின.

புதிதாக வருவோரை மலைக்கச் செய்வது இப்பெருக்கமே. நூற்றுக்கணக்கான பெயர்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்தர் கூட்டம்! இக்கூட்டத்தாரின் வாதங்களைக் கேட்டுத் தெரிவு செய்ய முனைந்தால் ஆண்டொன்று கழியும். தெரிவு தொடங்கவேண்டிய இடம் பெயர்ப்பட்டியலன்று; வீட்டில் நடக்கும் வேலை. கடிதம் எழுதுதல், இணையம் பார்த்தல், பிள்ளைகளின் பாடப்பயிற்சி, படமும் பாட்டும் என்பவையே வேலையாயின் எந்த முறைமையும் போதும். கணக்காளர் ஒருவர் வின்டோசுக்கென எழுதப்பட்ட தனி மென்பொருளையே நம்பியிருப்பாராயின் அவருக்கு மாற்றம் உகந்ததன்று. போட்டோஷொப் லினக்ஸுக்கென வெளியிடப்படுவதில்லை என்பதையும் முன்னரே அறிதல் நன்று. அடுத்துக் கணினியின் வலிமையைப் பார்க்கவேண்டும். மின்ட் முறைமை குறைந்தது 2 கிகாபைற் நினைவகத்தைக் கேட்கின்றது. இலகுவாக இயங்க 4 வேண்டும். அதன் மூன்று வடிவங்களுள் எக்ஸ்.எப்.சி.ஈ. என்பது எடை குறைந்தது. முதிய பொறிகளுக்கு ஏற்றது. 2024 இல் வெளிவந்த மின்ட் 22 இற்கு 2029 வரை திருத்தங்கள் உண்டு. தொடக்கக்காரருக்கு இதனினும் நல்ல வாயில் வேறில்லை எனத் துணிந்து கூறலாம்.

நிறுவும் வேலைக்கு 8 கிகாபைற் பென் ட்ரைவ் ஒன்று போதும். அதில் முன்னிருந்தவை யாவும் அழியும். முறைமையின் பிம்பக் கோப்பை அதன் சொந்தத் தளத்திலிருந்தே இறக்கவேண்டும். இறக்கியபின், அக்கோப்புக்கென வெளியிடப்பட்ட சரிபார்ப்புத் தொகையோடு ஒப்பிடுதல் வேண்டும். வீண் வேலை என்று பலரும் தவிர்க்கும் படி இது. ஆயினும் 2016 பெப்ரவரியில் மின்ட் தளத்திலேயே கள்வர் புகுந்து, நச்சுக் கோப்பொன்றுக்கு இணைப்பை மாற்றி வைத்தனர் என்பதை மறத்தலாகாது. பின்னர் அக்கோப்பை ரூபஸ் போன்றதொரு மென்பொருளால் பென் ட்ரைவில் எழுதவேண்டும். சாதாரணமாகப் பிரதி செய்து வைத்தாற் கணினி எழும்பாது.

இனி, லினக்ஸின் தனிச்சிறப்பு வெளிப்படும் கட்டம். கணினியை எழுப்பும்போது எப்12, எப்9 அல்லது எஸ்கேப் விசையை அழுத்தி, பென் ட்ரைவிலிருந்து எழுமாறு பணித்தால், வன்தட்டைத் தொடாமலே முழு முறைமையும் நினைவகத்திலிருந்து இயங்கும். பெண் கேட்கப் போகும் வீட்டில் நாலு வார்த்தை பேசிப் பார்ப்பது போல, ஒரு நாள் முழுதும் இவ்வாறு பழகிப் பார்க்கலாம். வைபை கிடைக்கின்றதா? ஒலி வருகின்றதா? அச்சியந்திரம் அச்சிடுகின்றதா? இவற்றுள் ஒன்று தவறினாலும் வேறொரு முறைமையைச் சோதித்துப் பார்க்கலாம், இழப்பு எதுவுமில்லை.

மனம் இசைந்தபின்னரும் அவசரம் கூடாது. பிள்ளைகளின் படங்களும், பரீட்சைக் குறிப்புகளும், காணிப் பத்திரங்களின் பிரதிகளும் வேறொரு வட்டில் முதலிற் சேரவேண்டும்; அவ்வட்டைத் திறந்தும் பார்க்கவேண்டும். வன்தட்டு பிற்லொக்கர் என்னும் மறைகுறியாக்கத்தாற் பூட்டப்பட்டிருக்கக்கூடும். அதன் 48 இலக்க மீட்புச் சாவியைக் கடுதாசியில் எழுதி வைக்காமல் மாற்றம் செய்யப் புகுந்தவர், தம் வீட்டு வாசலிலேயே தாம் நிற்கவேண்டிவரும். நிறுவும் மென்பொருள் ஓரிடத்தில் இரண்டு வழிகளைக் காட்டும்: வின்டோசின் அருகே நிறுவுதல் ஒன்று; வட்டு முழுவதையும் அழித்து நிறுவுதல் மற்றொன்று. இரண்டாவதை அழுத்தியபின் திரும்ப வழியில்லை. இரண்டையும் அருகருகே வைத்திருப்போர் வின்டோசில் மணிக்கூடு ஐந்தரை மணித்தியாலம் பிந்தி நிற்பதைக் காணக்கூடும். பழுது எதுவுமன்று. லினக்ஸ் உலகப் பொதுநேரத்தையே பொறியில் எழுதும். வின்டோஸ் அதனை இலங்கை நேரமென்று வாசிக்கும். ஒரு சிறு கட்டளையால் அது சரியாகும்.

தமிழைப் பொறுத்தவரை அச்சம் வேண்டியதில்லை. 1991 இல் வெளிவந்த முதல் யுனிகோட் பதிப்பிலேயே தமிழ் இடம்பெற்றுவிட்டது. லினக்ஸ் முறைமைகளில் தமிழ் எழுத்துருக்களும் விசைப்பலகைகளும் உள்ளன. ஆனால் எங்கள் நாட்டில் நெடுங்காலம் பாமினி எழுத்துருவில் தட்டிய கடிதங்கள் ஏராளம். அவ்வெழுத்துரு இல்லாத கணினியில் அவை பொருளற்ற ஆங்கில எழுத்துக்களாகவே தோன்றும். எழுத்துருக் கோப்பைக் கொண்டுசென்று நிறுவினாற் போதும். யுனிகோடுக்கு மாற்றிவிடுதல் அதனினும் நலம்.

மாற்றம் எப்போதும் நிலைக்கும் என்பதற்கில்லை. ஜேர்மனியின் மியூனிக் மாநகரசபை 2003 இல் லினக்ஸுக்கு மாறத் தீர்மானித்து, 2013 அளவில் ஏறத்தாழ 15,000 கணினிகளை மாற்றி முடித்தது. 2017 இல் வின்டோசுக்கே மீளத் தீர்மானித்தது. பிற அலுவலகங்களோடு பத்திரங்களைப் பரிமாறுவதில் எழுந்த தொல்லை ஆங்கு அடிக்கடி கூறப்பட்ட முறைப்பாடு. தனி வீட்டுக்கும் இது பொருந்தும். லிப்ரே ஒபிஸ் என்னும் மென்பொருள் வேர்ட் கோப்புகளைத் திறக்குமாயினும், அட்டவணைகளும் ஓரங்களும் சற்றே இடம்பெயரலாம். பிறருக்கு அனுப்பும் இறுதிப் பிரதியைப் பி.டி.எப். வடிவில் அனுப்பின் அத்தொல்லை பெரிதும் நீங்கும்.

வேலை முடிந்ததும் அந்தப் பென் ட்ரைவை அழித்து வேறு காரியத்துக்கு எடுத்துவிடவேண்டாம். கணினி என்றாவது எழும்ப மறுக்குமாயின், அதனைச் செருகி எழுப்பி, வன்தட்டிலிருக்கும் கோப்புகளை வெளியே எடுத்துக்கொள்ளலாம்.