அப்பரும் சோலும் பொருந்த வேண்டும்

 

“பழைய போனுக்குப் புது ஆண்ட்ராய்டு போடுறது எப்படிண்ணே?” என்று வாசலில் ஒரு மாணவர் கேட்டார். அவருடைய அப்பாவுக்கு ஆம்பூரில் ஷூ கம்பெனி வேலை. புதுப் போனுக்கு வழியில்லை. பழையதற்கு அப்டேட் நின்றுவிட்டது. எனக்குக் கொடுத்த பத்து நிமிடத்தையும் அந்தத் தம்பிக்கே தருகிறேன்.

நம்ம ஊர்க் கணக்கிலேயே சொல்கிறேன். இங்கே தைத்த அப்பர் கப்பலேறி ஐரோப்பா போகும். சோல் அங்கே ஒட்டப்படும். இரண்டும் எப்படிப் பொருந்துகின்றன? ஒரே லாஸ்ட் அளவுக்குச் செய்தவை என்பதால்தான். 2017இல் ஆண்ட்ராய்டு 8உடன் கூகுள் கொண்டுவந்த ‘ட்ரெபிள்’ ஏற்பாடும் இதுவே. சிப், கேமரா சார்ந்த பகுதி தனி, சிஸ்டம் தனி. ஆகவே ஜி.எஸ்.ஐ. எனும் பொதுவான சிஸ்டம் இமேஜைப் பல கம்பெனிப் போன்களில் போடலாம். ஆண்ட்ராய்டு 8 அல்லது அதற்குப் பிந்தைய பதிப்போடு விற்பனைக்கு வந்த போனாக இருக்க வேண்டும்.

ஆனால் சைஸ் பார்க்காமல் ஷூ வாங்குவோமா? மூன்றைப் பாருங்கள். ஒன்று, ஆர்ம்64-ஆ, ஏ64-ஆ, வெறும் ஆர்மா? மலிவுப் போன்களில் சிப் 64 பிட்டாக இருக்கும், உள்ளே ஓடும் ஆண்ட்ராய்டோ 32 பிட். அத்தகைய சில போன்களுக்கு ஏ64 இமேஜ்தான் சேரும். இரண்டு, ஏ/பி வகையா, ஏ-ஒன்லியா? ‘ட்ரெபிள் இன்ஃபோ’ போன்ற செயலி இவ்விரண்டையும் சொல்லிவிடும். மூன்று, கூகுள் செயலிகளோடு வேண்டுமா, இல்லாத ‘வனிலா’ போதுமா? 2 ஜி.பி. ராம் போனுக்கு வனிலாதான் இலகு.

அடுத்து வரிசை முக்கியம். முதலில் படம், எண்கள் எல்லாவற்றையும் வேறிடத்தில் பிரதி எடுங்கள். உங்கள் மாடலுக்கே உரிய கம்பெனி மென்பொருளைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். தவறினால் திரும்பிவர அதுவே வழி. பிறகு பூட்லோடரைத் திறக்க வேண்டும். சில கம்பெனிகள் அதற்குச் சில நாள் காக்கவைக்கும்; சில அனுமதிப்பதே இல்லை. அதன்பின் விபிமெட்டா சரிபார்ப்பை நிறுத்தி, ஃபாஸ்ட்பூட் மூலம் சிஸ்டத்தில் இமேஜை ஏற்றி, பழைய டேட்டாவை அழித்து, போனை இயக்குங்கள். ஆண்ட்ராய்டு 10 அல்லது அதற்குப் பிந்தையதோடு வந்த போன் என்றால் ‘ஃபாஸ்ட்பூட்-டி’ நிலைக்குப் போய்த்தான் ஏற்ற வேண்டும்.

இதை நான் பட்டுத்தான் கற்றேன். பூட்லோடரைத் திறந்தாலே உள்ளிருப்பது அத்தனையும் அழியும். எச்சரிக்கை திரையிலேயே வந்தது. “அட, பார்த்துக்கலாம்” என்று அழுத்திவிட்டேன். காலமான என் அம்மாவின் குரல் அந்தப் போனில் மட்டுமே இருந்தது. புது ஆண்ட்ராய்டு அழகாக வந்தது; அம்மா குரல் வரவில்லை.

இன்னொன்று. பூட்லோடர் திறந்த போனில் வங்கிச் செயலிகள் மறுக்கலாம். ஆகவே கூகுள் பே, போன்பே ஓடுகிற ஒரே போனில் இதைச் செய்யாதீர்கள். நம் மூத்த மாணவர்கள் வீட்டு அலமாரியில் பழைய போன் சும்மா கிடக்குமே? அடுத்த சந்திப்புக்கு வரும்போது கொண்டுவந்து தம்பிகளிடம் கொடுங்கள். அதில் கற்கட்டும்; நன்றாக ஓடினால் அவர்களே வைத்துக்கொள்ளட்டும்.