காற்றில் ஓடும் பரிசலுக்கு ஒரு சாக்குப் பை

பெரம்பலூருக்கும் அரியலூருக்கும் கடற்கரை கிடையாது. ஆனாலும் இன்று படகைப் பற்றித்தான் பேசப் போகிறேன். மழை பெய்த ஆண்டுகளில் அரும்பாவூர் ஏரியிலும் விசுவக்குடி நீர்த்தேக்கத்திலும் தண்ணீர் நிற்கிறது. மேட்டூர் அணையில் உபரிநீர் திறந்தால் தெற்கே கொள்ளிடத்தில் வெள்ளம் வருகிறது. தண்ணீர் நிற்கிற இடத்தில் மீன் உண்டு. மீன் இருக்கிற இடத்தில் பரிசலிலோ தெர்மாகோல் மிதவையிலோ ஏறி வலை விரிக்கிறவரும் உண்டு. அவர்களுக்காகத்தான் இந்தப் பேச்சு.

நம் ஊர்க் காற்றை எல்லாரும் அறிவோம். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் ஆடிக்காற்றுக்கு அம்மியும் பறக்கும் என்பார்கள். ஆனால் ஆடியில் நம் மானாவாரி ஏரிகள் பெரும்பாலும் வறண்டு கிடக்கும். ஏரி மீன்பிடிக்கு உண்மையான ஆபத்து அதற்கு முன்பே வந்துவிடுகிறது. மாசி, பங்குனி தொடங்கித் தண்ணீர் வற்ற வற்ற மீன்பிடி மும்முரமாகும். சித்திரை, வைகாசியில் பிற்பகல் வெயில் உறைக்கும்போது மேற்கே மேகம் திரளும். மழை விழுவதற்கு முன்னால், புழுதியை வாரிக்கொண்டு ஒரு காற்று பாயும். கால் மணி நேரம்கூட நீடிக்காது. ஆனால் அந்த நேரத்தில் நடு ஏரியில் இருப்பவர் கதி என்ன?

பரிசல் வட்டமானது. அடிப்பாகம் தட்டை. காற்றை எதிர்த்து நிற்க அதற்குக் கீழே எந்தப் பிடிப்பும் இல்லை. துடுப்பை நிறுத்தினால் சுழலும், காற்று போகிற பக்கம் ஓடும். நீளமான படகின் பாடு வேறு விதம். அது காற்றுக்குக் குறுக்கே திரும்பி நின்றுவிடும். விலாவில் அலை மோதும், தண்ணீர் உள்ளே ஏறும். சிறிய படகுகள் கவிழ்வது பெரும்பாலும் இப்படித்தான்.

நங்கூரம் போடலாமே என்று கேட்பீர்கள். நங்கூரத்துக்குத் தரை வேண்டும். அதன் கயிறும் ஆழத்தைப் போல ஐந்து முதல் ஏழு மடங்கு நீளம் இருந்தால்தான் பிடிக்கும். நம் ஏரியில் அது சரி. ஆழ்கடலில் தரையைத் தொடவே முடியாது. அங்கே தண்ணீரையே பிடித்துக்கொள்ளும் ஒரு பை உதவுகிறது. ட்ரிஃப்ட் சாக் என்றும், பெரிதாக இருந்தால் சீ ஆங்கர் என்றும் சொல்கிறார்கள். நான் இழுவைப் பை என்று சொல்லிக்கொள்கிறேன்.

அமைப்பு எளிது. கூம்பு வடிவத்தில் தைத்த துணிப்பை. அகன்ற வாய், பின்னால் சிறிய துளை. வாயைச் சுற்றி நான்கு கயிறுகள் ஒரு முடிச்சில் சேரும். அங்கிருந்து ஒரே கயிறு படகின் முன்பக்கமான அணியத்துக்கு வரும். தண்ணீரில் போட்டதும் பை நிரம்பிக்கொள்ளும். காற்று படகைத் தள்ளும்; பை பின்னால் இழுக்கும். திமிறி ஓடும் மாட்டின் கழுத்தில் கட்டையைத் தொங்கவிடுகிறோமே, அந்த வேலைதான் இது. படகு நின்றுவிடாது, ஆனால் வேகம் குறையும். அதைவிட முக்கியம், படகின் முகம் காற்றைப் பார்த்துத் திரும்பிவிடும். அலை விலாவில் மோதாமல் முன்பக்கத்தில் பிளந்துபோகும்.

இவ்வளவு சிறிய பை எப்படித் தாங்குகிறது? தண்ணீர் காற்றைவிட ஏறக்குறைய 800 மடங்கு அடர்த்தி கொண்டது. அதனால் படகின் மேல்பக்கத்தில் காற்று கொடுக்கும் தள்ளுவிசையை, தண்ணீருக்குள் இருக்கும் சிறிய பை மெதுவாக நகர்ந்தே ஈடுகட்டிவிடுகிறது. ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது: காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அதன் விசை நான்கு மடங்காகும். பையும் கயிறும் தையலும் அதற்குத் தக்க பலமாக இருக்க வேண்டும்.

கயிறு அறுந்தால் என்ன ஆகும் என்பதற்கு வரலாற்றில் சாட்சி உண்டு. 1916-இல் எர்னஸ்ட் ஷாக்கிள்டனும் ஐந்து பேரும் ஜேம்ஸ் கெயர்ட் என்ற சிறு படகில் அண்டார்ட்டிகாப் பக்கத்து எலிஃபண்ட் தீவிலிருந்து தெற்கு ஜார்ஜியாவுக்குப் போனார்கள். புயலில் அவர்களைத் தாங்கியது கித்தான் துணியில் செய்த இழுவைப் பை. பாதி வழியில் அதன் கயிறு அறுந்து, பை போய்விட்டது. அவர்கள் பிழைத்துக் கரை சேர்ந்தார்கள், ஆனால் பெரும்பாடுபட்டு. இன்று கப்பல்களின் உயிர்காப்புப் படகு ஒவ்வொன்றிலும் இந்தப் பை இருக்க வேண்டும் என்பது சர்வதேச விதி.

நம் பக்கத்துக் கதை இன்னும் நெருக்கமானது. 2017 நவம்பர் 30 அன்று ஒக்கிப் புயல் கன்னியாகுமரிக் கடலைத் தாக்கியது. ஆழ்கடலில் இருந்த படகுகள் சிதறின. லட்சத்தீவு, மகாராஷ்டிரம், குஜராத் கரைகளில் போய்ச் சேர்ந்தவை பல. தமிழ்நாடு, கேரள மீனவர்களில் நூற்றுக்கும் மேற்பட்டோர் திரும்பவே இல்லை. அவ்வளவு பெரிய புயலை ஒரு பை வென்றிருக்கும் என்று நான் சொல்ல மாட்டேன். இயந்திரம் நின்ற படகு அலைக்கு விலாவைக் காட்டாமல் இருக்க இதைவிட மலிவான துணை இல்லை என்பதை மட்டும் உறுதியாகச் சொல்வேன்.

இனி நம் ஏரிக்கு வருவோம். கடலுக்கான இந்தப் பை நம் ஏரியின் திடீர்க் காற்றுக்கும் உதவும்; அதை நாமே தைத்துக்கொள்ளலாம். அரியலூர் சிமெண்ட் ஊர். பல கோடி ஆண்டுகளுக்கு முன் இங்கே கடல் இருந்தது. அந்தக் கடல் விட்டுப்போன சுண்ணாம்புக்கல்தான் இந்த ஆலைகளுக்கு மூலப்பொருள். ஆகவே காலி சிமெண்ட் சாக்குக்கு இங்கே பஞ்சம் இல்லை. ஒரு சாக்கு சிறியது, போதாது. இரண்டைப் பிரித்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத் தைத்தால் வாய் ஏறக்குறைய இரண்டு அடி அகலம் வரும். வாயின் விளிம்பைக் கம்பி வளையத்தின் மேல் மடித்து இரட்டைத் தையல் போடுங்கள். வளையத்தின் மேல்பக்கம் ஒரு சிறிய மிதப்பு, கீழ்ப்பக்கம் ஒரு கல். அடிப்பக்கத்தை ஒடுக்கித் தைத்து, கை நுழையும் அளவுக்குத் துளை விடுங்கள். துளை இல்லாவிட்டால் பை தண்ணீரில் நிலையில்லாமல் ஆடும், தையல் பிரியும். வால் முனையில் ஒரு மெல்லிய கயிறு கட்டி அதையும் படகில் வைத்துக்கொள்ளுங்கள். அதை இழுத்தால் பை தலைகீழாகித் தண்ணீர் வடிந்துவிடும். ஒரு கையால் தூக்கலாம். வெயிலில் கிடந்தால் அந்தச் சாக்கு இற்றுப்போகும், நிழலில் வையுங்கள்.

தூண்டில் போடுகிறவர்களுக்கும் இதில் லாபம் உண்டு. படகு மெதுவாக நகர்ந்தால் இரை சரியான ஆழத்தில் நிற்கும்; கெண்டையோ விராலோ பார்த்துக் கவ்வ நேரம் கிடைக்கும். அமைதியான ஏரியில் சிலர் பையைப் படகின் நடுப்பக்கத்தில் கட்டுவார்கள். அலை எழுந்தால் உடனே அணியத்துக்கு மாற்றிவிட வேண்டும். திறந்த சிறு படகில் பின்பக்கம் கட்டவே கட்டாதீர்கள், அலை பின்னாலிருந்து ஏறிவிடும். இயந்திரம் ஓடும்போது போட்டால் கயிறு விசிறியில் சுற்றிக்கொள்ளும்.

ஏரிக்குள் கருவேல மரங்களின் அடிக்கட்டைகள் உண்டு. பை அதில் மாட்டினால் அறுத்துவிட ஒரு கத்தி கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். பரிசலைவிட, பையைவிட உங்கள் உயிர் பெரிது.

கொள்ளிடத்தில் போகிறவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. இந்தப் பை காற்றை எதிர்த்துத்தான் உதவும், வெள்ளத்தை எதிர்த்து உதவாது. ஓடும் தண்ணீரில் பையும் தண்ணீரோடு சேர்ந்தே ஓடும், உங்களையும் இழுத்துப்போகும். கொள்ளிடத்தில் உபரிநீர் திறந்துவிட்டிருக்கிறார்கள் என்று தெரிந்தால் பரிசலைக் கரையிலேயே வைத்துவிடுங்கள்.

ஏரியைக் குத்தகை எடுப்பவர்களையும் மீனவர் கூட்டுறவுச் சங்கங்களையும் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். வலைக்கும் குஞ்சுக்கும் பணம் ஒதுக்கும்போது, தண்ணீரில் இறங்கும் ஒவ்வொருவருக்கும் ஒரு உயிர்காப்புச் சட்டை வாங்கிக் கொடுங்கள். ஒவ்வொரு பரிசலுக்கும் இப்படி ஒரு பை தைத்துக் கொடுங்கள். இந்தப் பங்குனிக்குள் செய்யுங்கள்.