மலையகப் பிள்ளைக்குக் கொப்பி போதாது, ஆசிரியர் வேண்டும்



ஒவ்வோர் ஆண்டும் பாடசாலைத் தவணை தொடங்கும்போது இலங்கை மலையகத்தில் நுவரெலியா, பதுளைத் தேயிலைத் தோட்டங்களுக்கு வேன்கள் ஏறுகின்றன. கொப்பி, பேனா, புத்தகப்பை, சப்பாத்து எல்லாம் வருகின்றன. பிள்ளைகளை வரிசையில் நிறுத்திப் படம் எடுக்கிறார்கள், வேன் இறங்கிவிடுகிறது. கொடுப்பவர்கள் நெஞ்சில் ஈரம் இல்லை என்று யாரும் சொல்லமாட்டார்கள். ஆனால் அந்தக் கொப்பியில் கணக்குப் போடச் சொல்லிக்கொடுக்க ஆள் இருக்கிறாரா என்று விசாரித்துவிட்டு மலை ஏறியவர்கள் எத்தனை பேர்?

இந்தத் தோட்டங்களில் உழைக்கும் மலையகத் தமிழ் மக்களுக்குப் பள்ளிக்கூடம் எளிதாக வந்துவிடவில்லை. வெள்ளைக்காரத் துரைமார் கம்பளைப் பக்கம் கோப்பித் தோட்டம் போட்டது 1823இல். தோட்டத்துப் பிள்ளைகளுக்குத் துரைமார் கல்வி தரவேண்டும் என்று சட்டம் வந்தது 1907இல்! அந்தச் சட்டமும் 6 வயது முதல் 10 வயது வரைதான் பேசியது. பதினொரு வயதில் அந்தப் பிள்ளை எங்கே போனது? மலைக்குத்தான் போனது, கொழுந்துக் கூடையோடு. தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்குப் பக்கத்தில் ஓர் அறை, ஓர் ஆசிரியர், அவர் முன்னால் ஐந்து வகுப்புப் பிள்ளைகளும் ஒன்றாக. தோட்டப் பாடசாலை என்றால் தலைமுறை தலைமுறையாக அதுதான்.

1945இல் கல்வி அமைச்சர் கன்னங்கராவின் இலவசக் கல்வி இலங்கை முழுவதற்கும் விடிந்தது. தோட்டத்துக்கு விடியவில்லை. 1948இல் இந்த மக்களின் குடியுரிமையே பறிபோனது. தோட்டப் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்கத் தொடங்கியது 1977இல். நடுவில் போன முப்பத்திரண்டு ஆண்டுகளுக்கு யார் கணக்குச் சொல்வது? ஆண்டுக்கு நூறு கோடி டாலருக்கு மேல் தேயிலை ஏற்றுமதியில் சம்பாதிக்கிற நாடு இலங்கை. அந்தக் கொழுந்தைப் பறிப்பவர் தம் நாட்கூலி 1,000 ரூபாயாக வேண்டும் என்று 2021 வரை போராட வேண்டியிருந்தது.

"பள்ளிக்கூடம் அரசின் கடமை, நாம் கொடுத்தால் அரசு கைகழுவிவிடும்" என்று சில நண்பர்கள் வாதிடுகிறார்கள். கடமை அரசுடையதுதான், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் நடந்ததைப் பார்க்க வேண்டாமா? அரசு பொறுப்பேற்றபோது கைக்கு வந்தவற்றில் பல, வெறும் கொட்டகைகள். 1980களில் சுவீடனின் சீடா நிறுவனம் கட்டடத்துக்கும் ஆசிரியர் பயிற்சிக்கும் பணம் கொடுத்தது. ஜெர்மனியின் உதவியில் பத்தனையில் ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரி எழுந்தது. லயத்தில் பிறந்த பிள்ளைகள் அங்கே பயிற்சி பெற்று, அரசு நியமனத்தோடு தோட்டப் பாடசாலைகளுக்கே ஆசிரியராகத் திரும்பினார்கள். வெளியிலிருந்து வந்த பணம் கல்லூரியைக் கட்டியது, சம்பளத்தை அரசு ஏற்றது. அரசு எங்கே கைகழுவியது? உதவி வந்தபோது அரசும் அசைந்தது!

அசைந்த அரசு பிறகும் ஒழுங்காக நடந்துகொண்டதா என்றால், இல்லை. 2015ஐ ஒட்டி மலையகப் பாடசாலைகளுக்கு ஏறத்தாழ 3,000 பேரை எடுத்தார்கள். ஆசிரியர் என்ற பெயர்கூடக் கொடுக்கவில்லை, 'ஆசிரியர் உதவியாளர்' என்றார்கள். மாதக் கொடுப்பனவு 6,000 ரூபாய், பிறகு 10,000. அந்தப் பணத்தில் பஸ்ஸுக்குக் கொடுப்பதா, அறை வாடகைக்குக் கொடுப்பதா? வகுப்பறைக்குள் முழு ஆசிரியரின் வேலை பார்த்த இளைஞர்களுக்கு இப்படி ஒரு கூலி கொடுத்தது வெட்கக்கேடு.

இன்றைக்குப் பிள்ளை இடறி விழும் இடம், பல்கலைக்கழகத்துக்கு வாசலான உயர்தரம். தோட்டப் பாடசாலைகளில் பெரும்பாலானவை சாதாரண தரத்தோடோ அதற்கும் கீழேயோ நின்றுவிடுகின்றன. உயர்தரம் இருந்தாலும் பல இடங்களில் கலைப்பிரிவு மட்டுமே. பௌதிகவியலும் இணைந்த கணிதமும் படிக்க வேண்டுமானால் ஹட்டனுக்கோ நுவரெலியாவுக்கோ கண்டிக்கோ போக வேண்டும். பஸ் செலவு, தங்குமிடம், டியூஷன் காசு என்று கணக்குப் பார்த்த மாத்திரத்தில் அம்மா வாய் மூடிக்கொள்கிறாள். கெட்டிக்காரப் பெண்பிள்ளை கொழும்பில் ஆடைத் தொழிற்சாலைக்குப் போகிறாள், தம்பி கடைக்கு வேலைக்குப் போகிறான். டாக்டராகவும் பொறியியலாளராகவும் வந்திருக்க வேண்டிய பிள்ளைகள் இவர்கள்.

இந்த இடத்தில் பணம் வேலை செய்யும் என்பதற்கு நெடுநாள் சாட்சியே இருக்கிறது. 1947இல் தொடங்கிய இலங்கைத் தோட்டத் தொழிலாளர் கல்வி நிதியம், உயர்தரத்திலும் பல்கலைக்கழகத்திலும் படிக்கும் தொழிலாளர் பிள்ளைகளுக்கு உதவித்தொகை கொடுத்து வருகிறது. அந்த வழியில் இன்னும் பல கைகள் சேர வேண்டும்.

ஆகவே நண்பர்களே, கொப்பிக்கு என்று எடுத்துவைத்த பணத்தை இந்த ஆண்டு இடம் மாற்றுங்கள். ஹட்டனிலோ பண்டாரவளையிலோ பெண்பிள்ளைகளுக்கு ஒரு விடுதி அமையட்டும். ஒரு பௌதிகவியல் ஆசிரியர் மலையில் தங்கிப் படிப்பிக்க வாடகையும் மேலதிகக் கொடுப்பனவும் கொடுங்கள். ஐந்து ஆண்டுக்கு வாக்குக் கொடுங்கள், ஒரு நாள் விழாவோடு நிறுத்தாதீர்கள். கொடுக்கும்போதே வலயக் கல்வி அலுவலகத்திடம் எழுத்தில் கேளுங்கள்: இந்த ஆசிரியருக்கு நிரந்தர நியமனம் எந்த ஆண்டு? பதில் வரும்வரை கேட்டுக்கொண்டே இருங்கள்.