மூன்றாவது ஊசி என்ன செய்தது?



2022 கார்த்திகை தீபத்துக்குத் திருவண்ணாமலையின் வேங்கிக்கால் ரோடு முழுக்க ஜனம். அதற்கு முந்தைய இரண்டு வருஷமும் கொரோனா கட்டுப்பாடு. இடையில் 2022 ஜூலை 15 முதல் 75 நாள், 18 வயது தாண்டிய எல்லோருக்கும் மூன்றாவது ஊசியான பூஸ்டரை அரசு இலவசமாகப் போட்டது. "பழைய ஊசி புது வைரஸுக்குக் கேட்குமா?" என்று பலர் போட்டுக்கொள்ளவில்லை. நியாயமான கேள்விதான். அப்போது பரவிய புது வகையான ஒமைக்ரானின் ஸ்பைக் புரதத்தில் மட்டும் 30க்கும் மேற்பட்ட மாற்றங்கள் இருந்தன.

ஊசி போட்ட சிலருக்கு அக்குளில் நெறி கட்டியதே, பதில் அங்கேதான் இருக்கிறது. அந்த நிணநீர்க் கணுக்களில் எதிர்ப்பொருள் செய்யும் பி செல்கள் சில, ஊசிக்குப் பிறகு மாதக்கணக்கில் அதற்கான தம் மரபணுவையே சிறிது சிறிதாக மாற்றிப் பார்க்கின்றன. வைரஸை இறுகப் பற்றுபவை நினைவுச் செல்களாகத் தங்குகின்றன, மற்றவை மடிகின்றன. இடைவெளி விட்டு அடுத்த ஊசி போட்டதும், தேறிய செல்கள் மளமளவென்று பெருகும். அவற்றில் சில, வைரஸ் லேசில் மாற்றிக்கொள்ள முடியாத பகுதியைப் பிடிக்கும். அதனால்தான் பழைய வைரஸை வைத்துச் செய்த கோவிஷீல்டும் கோவாக்சினும் ஒமைக்ரானுக்கு எதிராகவும் ஓரளவு எதிர்ப்பொருளைக் கூட்டின. தொற்றைத் தடுத்ததைவிட, நோய் முற்றாமல் காத்ததே பெரிய உபகாரம்.

ஆனால் உடம்பு முதலில் பார்த்த வைரஸின் பக்கமே சாயும். புது வகைக்கென்று செய்த ஊசிக்கும் பழைய நினைவுதான் முந்திக்கொள்ளும். எதிர்ப்பொருளும் சில மாதங்களில் இறங்கிவிடும்.

ஃப்ளூவும் இப்படி மாறுகிற வைரஸ்தான். அதன் ஊசியில் எந்த வகைகள் இருக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் ஆண்டுக்கு இருமுறை சொல்கிறது. வீட்டில் வயதானவர்களோ சர்க்கரை நோயாளிகளோ இருந்தால், இந்த வருஷ ஃப்ளூ ஊசி பற்றி டாக்டரிடம் கேளுங்கள்.